பதினோராம் நம்பர் டேங்கின் மூக்கு

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் தபால்காரர், ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஒருவர் பல் டாக்டர், மற்ற இருவர் எங்கள் ப்ரியாவும் அவள் கணவனும். என் பணிக்காலம் முழுக்க எந்தக் கிருமியைத் தேடித் தேடிக் கொன்றேனோ, அதே கிருமியை இவர்கள் காசு கொடுத்து வாங்கி, கார் ஷெட்டில் வைத்து, தாலாட்டு பாடாத குறையாக வளர்க்கிறார்கள். ப்ரியா இதைப் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் சிரித்தேன்.

நான் எஸ்தர். மீஞ்சூர்க்காரி. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பீர் ஆலையின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆலையின் பெயர் வேண்டாம். என் அம்மா கடைசிவரை சபையில் என் ஆலையின் பெயரைச் சொன்னதில்லை. "பொண்ணு பிஸ்கட் கம்பெனில இருக்குது" என்றுதான் சொல்லிவந்தார். பார்லி வறுத்த வாசனையோடு தினமும் ரயிலிலிருந்து இறங்குகிற பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு பண்டிகைக்கு பாஸ்டரம்மா, உங்கள் கம்பெனி பிஸ்கட்டைக் கண்ணில் காட்டக்கூடாதா என்று கேட்டுவிட்டார். கடையில் இரண்டு பாக்கெட் வாங்கி, கவரைக் கிழித்துவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுப் பார்த்து, கடையில் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல் என்றார்.

பீரை நான் ஒருநாளும் விழுங்கியதில்லை. வாயில் வைத்து, புரட்டி, வாளியில் துப்புவதுதான் எங்கள் வேலை. பொன்னேரி கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு வந்தவளை முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவவிட்டார்கள். அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்கள், ஓய்வு பெறுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான். மீதியெல்லாம் நரசிம்மன் சார்.

நரசிம்மன் சார் எங்கள் ப்ரூ மாஸ்டர், அதாவது பீர் காய்ச்சுவதற்குத் தலைவர். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தவே மாட்டார். நாக்கு மழுங்கிவிடும் என்று ஊறுகாயைத் தொடமாட்டார், தினமும் வெறும் தயிர் சாதம். லேபுக்குள் பவுடர், சென்ட், தேங்காய் எண்ணெய், மல்லிகைப்பூ எதுவும் வரக்கூடாது. பெண்கள் எல்லோரும் பூவைக் கழற்றி வாட்ச்மேன் அறை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போவோம். வாட்ச்மேன் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். மூடி திறக்காத டப்பா, அதுவும் மூன்று அறை தள்ளி. சார் நடந்து வந்து, "எஸ்தர், உங்க அம்மா இந்தத் தடவை வெந்தயம் கொஞ்சம் கூடுதலா வறுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாம்பிளை மோந்து பார்க்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துவிடக்கூடாதாம். பீர் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வைத்துவிடுவார். சரியில்லை என்றால் ஒரே வாக்கியம்தான். "இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்லம்மா." அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆலையே நடுங்கும்.

டேங்கிலிருந்து சாம்பிள் எடுப்பது எங்களுக்குப் பூஜை மாதிரி. ஒவ்வொரு டேங்கின் இடுப்பளவிலும் விரல் பருமனில் ஒரு குழாய் இருக்கும். கையை ஸ்பிரிட் போட்டுக் கழுவ வேண்டும். குழாயைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்து, பற்றவைத்து, குழாய் வாயில் நீல ஜுவாலை சுற்றிவரும்படி காட்ட வேண்டும். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, அதற்கப்புறம் வருவதைத்தான் குடுவையில் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசக்கூடாது, ஏனென்றால் பேசினால் எச்சில் தெறிக்கும். பேச்சுக்குப் பேர்போன நான் ஆலையில் வாயை மூடியிருந்த ஒரே இடம் அதுதான்.

இப்படிப்பட்ட இடத்துக்குள் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை வருடாவருடம் வருவதுதான். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி, கடலை, சுண்டல். எனக்குப் பொட்டில் பங்கில்லை, பொரியில் பெரிய பங்குண்டு. ஆனால் அந்த வருடம் புதிதாக ஒரு டேங்க் வந்து நின்றது, பதினோராம் நம்பர். முதல் பீர் நிரப்பியாகிவிட்டது. நரசிம்மன் சார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, டேங்க் அறைத் தொழிலாளி ஏழுமலையைக் கூப்பிட்டார். புது டேங்க், நல்லபடியாக ஓட வேண்டும், முகத்தில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழுமலைக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு பக்கம். பேச்சில் பாதி தெலுங்கு வாசனை அடிக்கும். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு ஏழுமலைண்ணா. டேங்க்குகளை அவர் மாடு கன்று மாதிரி கவனிப்பார். காலையில் வந்ததும் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டிக்கொடுத்து, "இன்னா நைனா, நல்லா தூங்கினியா" என்று கேட்பார். அப்படிப்பட்டவரிடம் முகத்தில் பொட்டு வை என்றால் சும்மா வைப்பாரா? டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்து முகம் எங்கே என்று தேடியிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் ஆள் இறங்கும் வட்டக் கதவில்தான் பொட்டு வைப்பார்கள். இவர் யோசித்துவிட்டார், அதுதான் வினை.

பூஜை முடிந்து சில வாரங்கள் போயிருக்கும். பதினோராம் நம்பர் சாம்பிளை மோந்த சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்லம்மா" என்றார். நானும் மோந்து பார்த்தேன். மெரினாவில் சவாரிக் குதிரையின் முதுகில் ஒரு போர்வை போட்டிருப்பார்களே, வேர்த்து நனைந்து காய்ந்த போர்வை, அந்த வாசனை. மைக்ராஸ்கோப்பில் எங்கள் ஈஸ்ட் உருண்டையாக, குண்டாக, சமர்த்தாக இருக்கும். அதன் நடுவில் ஒல்லி ஒல்லியாக, நீளமாக வேறொரு கூட்டம் நுழைந்திருந்தது. காட்டு ஈஸ்ட். பீர் ஆலைக்காரன் கனவில் வந்தாலும் அலறுகிற ஜாதி.

ஆலையின் ஜெனரல் மேனேஜர், எங்களுக்கு ஜி.எம்., குதித்தார். ஒரு டேங்க் பீர் என்பது சும்மா இல்லை. இதற்குக் காரணமானவன் எவனாக இருந்தாலும் கேட்டுக்கு வெளியே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். காரணத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. குழாய், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் பஞ்சால் ஒற்றி வளர்த்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். கடைசியில் சாம்பிள் குழாயைக் கழற்றினேன். உள்ளே, சரியாக உட்காராத வாஷருக்குப் பின்னால், மஞ்சளாக ஒரு படிவு. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். அதோடு ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு நார், வாழைப்பழத் தோல்.

நேராக ஏழுமலைண்ணாவிடம் போனேன். அவர் மறைக்கவே இல்லை. தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"சார் மூஞ்சில வைன்னாரு. நீயே பாரு மேடம், மேல ரெண்டு மீட்டரு கீதா? அது ரெண்டு கண்ணு. நடுவுல கீய கீறது சாம்பிள் கொயா, அது மூக்கு. மூக்குக்கு மேலதான பொட்டு வெப்பாங்க? கொஞ்சம் தண்ணியா கரைச்சிட்டேன், வழிஞ்சிட்டுது. ஊதுவத்தி நிக்க எடமில்ல, மூக்குமேல பழத்த வெச்சு சொருகினேன். பாக்க எவ்ளோ லச்சணமா இருந்துச்சு தெரியுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அது முகம்தான். இரண்டு வட்ட மீட்டர்கள் விழித்துப் பார்க்க, நடுவில் குழாய் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதை எப்படிப் பார்க்காமல் போனேன் என்று ஆகிவிட்டது. சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஜி.எம். சொன்னது ஞாபகம் வந்தது. ஏழுமலைண்ணாவுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். நான் வாயைத் திறந்தால் அவர் வேலை போய்விடும். திறக்காவிட்டால் அடுத்த டேங்கும் கெடும்.

நரசிம்மன் சாரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன், கண், மூக்கு, ஊதுவத்தி எல்லாம். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பக்கத்தில் போனால், மனிதர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஜி.எம். அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"பொட்டு வைக்கச் சொன்னது நான். வெளியே அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

வேலை தப்பியது. ஆனால் ஜி.எம்.முக்கு ஏதாவது செய்தாக வேண்டும் அல்லவா? ஏழுமலைண்ணாவை டேங்க் அறையிலிருந்து எடுத்து, வெளியே காலி கிரேட் அடுக்குகிற யார்டில் போட்டார்கள். பூஜையும் ஆபீஸ் வாசலோடு நின்றுபோனது. பையன்கள் அவருக்குப் 'பொட்டு' என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறுகிறவரை அவரை டேங்க் அறைக்குள் விடவே இல்லை. ஆயுத பூஜை அன்று பொரி வாங்கக்கூட வரமாட்டார். நான்தான் ஒரு பொட்டலம் கொண்டுபோய் யார்டில் கொடுப்பேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டேங்க் அறைப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். அது எனக்குத் தாங்காது.

இனிமேல்தான் வேடிக்கை. கெட்டுப்போன பீரைக்கூட நாம் இஷ்டத்துக்குக் கீழே ஊற்ற முடியாது. கலால் துறை அனுமதி வர வேண்டும், அதிகாரி கண் முன்னால்தான் ஊற்ற வேண்டும். மனு போனது. அதிகாரிக்கு மாற்றல் வந்தது. புது அதிகாரி வந்தார், ஃபைலைக் காணவில்லை என்றார், கிடைத்தது, மறுபடி போனது. கோடை முழுக்கப் பதினோராம் நம்பர் நிறைந்து நின்றது. வாரம் ஒருமுறை சாம்பிள் பார்க்க வேண்டியது என் தலையெழுத்து. முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். பிறகு குதிரைப் போர்வை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மழையில் நனைந்த தோல் பை வாசனை வந்தது. வெயில் உச்சிக்குப் போனபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்னாசிப்பழம். நல்லா பழுத்த, அறுத்துவைத்த அன்னாசி, பக்கத்திலேயே அந்தத் தோல் பை. எப்போது சாம்பிள் பார்க்கிற நாள் வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒருவழியாக அனுமதி வந்தது. ஊற்றுகிற நாள் காலையில் நரசிம்மன் சார் கடைசியாக ஒரு கிளாஸ் பிடித்துவரச் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பினார். வாளியை நீட்டினேன், வாங்கவில்லை. அவர் தொண்டை ஏறி இறங்கியது. இத்தனை வருடத்தில் அவர் விழுங்கி நான் பார்த்ததே இல்லை. கிளாஸைக் காலியாக வைத்துவிட்டு, நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இப்படித்தான் ஒரு பீர் இருந்ததாம், ஸ்டாக் ஏல் என்று பெயர், பெரிய மரத்தொட்டியில் வருடக்கணக்கில் போட்டுவைப்பார்களாம், பிறகு அவர்களும் சுத்தம் சுத்தம் என்று இந்த ஈஸ்டைக் கொன்று தீர்த்துவிட்டார்களாம் என்றார். "இந்த வாசனை எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆள் இப்ப அங்கயே இருக்க மாட்டாங்க. ஏழுமலைகிட்ட சொல்லிடும்மா."

அன்று கழிவுநீர் நிலையம் முழுக்க அன்னாசி மணத்தது. நான் யார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சார் முழு கிளாஸையும் குடித்தார், நீங்கள் கெடுக்கவில்லை, வெள்ளைக்காரன் தொலைத்த சரக்கை நீங்கள் பண்ணிவிட்டீர்கள் என்றேன். ஏழுமலைண்ணா ஒரு கிரேட்டைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தார். "மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற. வுடு மேடம்" என்றார். எத்தனை தடவை சொன்னாலும் இதே பதில்தான். நரசிம்மன் சாரும் ஓய்வு பெற்று, பிறகு ஒருநாள் போயும் சேர்ந்துவிட்டார். என் வார்த்தைக்கு வேறு சாட்சி இல்லாமல் போனது.

இப்போது ப்ரியாவின் போனுக்கு வருகிறேன். ப்ரியா எங்கள் லேபில் எனக்கு ஜூனியராக இருந்தவள். பதினோராம் நம்பர் கதையெல்லாம் அவள் சேருவதற்கு முன்னால் நடந்தது, கேன்டீனில் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி இங்கிலாந்து போனவள், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். நம் ஊரில் இப்படிக் காய்ச்சினால் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். அங்கே விற்காமல் தானே குடிக்கிறவரை யாரும் கேட்பதில்லையாம். அவர்கள் உயிர்ப்பிக்கப் பார்ப்பது அதே ஸ்டாக் ஏல். ஒரு மரப்பீப்பாயில் போட்டு மாதக்கணக்காகிறது. இதுதானா அந்தப் பழைய பீர், இல்லை வெறுமனே கெட்டுப்போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. தபால்காரர் ஊற்றிவிடலாம் என்கிறார், ஆசிரியை கூடாது என்கிறார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. "எஸ்தர்க்கா, அதை மோந்து பார்த்த ஒரே ஆளு எனக்குத் தெரிஞ்சு நீங்கதான்" என்றாள் ப்ரியா.

வீடியோ காலில் ஐந்து தலைகளும் வரிசையாக வந்தன. போனில் வாசனை வராது என்பது அவ்வளவு பேருக்கும் தெரியும், இருந்தாலும் பல் டாக்டர் கிளாஸைப் போன் பக்கம் நீட்டினார். நானும் மூக்கைக் கொண்டுபோனேன். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். குதிரைப் போர்வை வருகிறதா? வருகிறது. நனைந்த தோல்? லேசாக. அன்னாசி? ஐந்து பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்படியென்றால் ஊற்றாதீர்கள், கோடை தாண்டட்டும் என்றேன். எங்களுக்கு ஃபைலைத் தொலைத்துக் காப்பாற்ற கலால் துறை இருந்தது, உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நீங்களாகத்தான் பொறுமையாக இருக்க வேண்டும் என்றேன். ப்ரியா மொழிபெயர்க்க, தபால்காரரே சிரித்துவிட்டார். மூக்குக் கதையைக் கேட்டு ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலையைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ப்ரியா ஊருக்கு வந்தாள். பெட்டியில், பிள்ளையின் ஸ்வெட்டர்களுக்கு நடுவே, அந்தப் பீப்பாயிலிருந்து பிடித்த ஒரு பாட்டில். நான் தொடவில்லை. முதலில் ஏழுமலைண்ணாவுக்குப் போன் போட்டு, சாப்பிட வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி வந்து இறங்கினால், கறுப்பு வேட்டி, கழுத்தில் மணி மாலை, நெற்றி நிறைய சந்தனம். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். வீட்டில் பிரியாணி கொதிக்கிறது. நானோ குடிக்காதவள், அவரோ குடிக்கக்கூடாத சாமி, நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பாட்டில் பீர். ப்ரியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி, மோந்து மட்டும் பாருங்க" என்றேன்.

அவர் யோசித்தார். ஆலையில் இருந்தபோது வருடாவருடம் மாலையோடுதானே பீர் நடுவில் வேலை பார்த்தோம், மூக்குக்கு விரதம் கிடையாது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ப்ரியா கிளாஸில் ஊற்றினாள். நான் முதலில் மோந்தேன். அன்னாசி. பக்கத்திலேயே அந்தத் தோல் பை. எனக்கு அப்படியே பறக்கிற மாதிரி இருந்தது, ஆனால் வாயைத் திறக்காமல் கிளாஸை அவர் பக்கம் தள்ளினேன். ஆலையில் சாம்பிள் எடுத்த நாட்களுக்கு அப்புறம் நான் அப்படி வாயை மூடியிருந்தது அன்றுதான்.

ஏழுமலைண்ணா குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"பதினொன்னு" என்றார். கழிவுநீர் நிலையத்தில் அன்று அடித்த வாசனை யார்டுவரைக்கும் வந்திருக்கிறது. இத்தனை வருடம் அது மூக்கிலேயே இருந்திருக்கிறது, என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இதை யாரோ கெடுத்ததில்லை, ஐந்து பேர் ஆசைப்பட்டு, காத்திருந்து, சண்டை போட்டுப் பண்ணியது என்று ப்ரியா விளக்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சார் நெசமாவே முழுங்கினாரா மேடம்? துப்பலியா?"

"வாளியை நீட்டினேன் சாமி. வாங்கல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நரசிம்மன் சாரின் தோள் ஞாபகம் வந்தது. இவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. நான் வெட்கமில்லாமல் அழுதேன், சிரித்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து ப்ரியாவின் போன் அடித்தது. அங்கே காலை நேரம். கார் ஷெட்டில் மற்ற நால்வரும் தயாராக நிற்கிறார்கள். அடுத்த பீரை அன்றைக்குத்தான் நிரப்பியிருக்கிறார்கள், புதுப் பீப்பாய், மேலே இரண்டு வட்ட மூடிகள், கீழே ஒரு மரக்குழாய். ஆசிரியையின் கையில் ஒரு பீங்கான் கிண்ணம். ப்ரியா விட்டுவிட்டு வந்த சந்தனப் பொடியைக் கரைத்துவைத்திருக்கிறார். எங்கே வைக்க வேண்டும் என்று மிஸ்டர் ஏழுமலையிடம் கேட்டுச் சொல் என்றார்.

ஏழுமலைண்ணா போனை இரண்டு கையாலும் வாங்கினார். திரையைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். டேங்கைச் சுற்றி வந்ததுபோலவே, பீப்பாயைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"டீச்சரம்மாவாண்ட சொல்லு ப்ரியா" என்றார். "கீய ஒரு கொயா நீட்டிக்கினு கீது பாரு, அதான் மூக்கு. அதுக்கு மேல வெக்கச் சொல்லு. கெட்டியா வேணாம், நல்லா வழியற மாரி வெக்கச் சொல்லு."